இரண்டு குடும்பத்து ஊசித்தட்டான்

செங்கமலவல்லியின் விடைத்தாளுக்குக் குறுக்கே டாக்டர் வேதமணி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

ஜன்னலோரம் கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டர் சுடலைமாடன் துணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

கல்லூரி விலங்கியல் கூடத்தில் அறுபத்தெட்டாம் வருஷத்துச் செய்முறைத் தேர்வு அப்போதுதான் முடிந்திருந்தது. மேசையில் எண் போட்டு வைத்திருக்கும் உயிரினங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அது எந்தக் குடும்பம் என்று எழுத வேண்டும். முத்துச்சிப்பி, கடல்குதிரை என்று எட்டு வரைக்கும் கடல் சரக்கு. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஒன்பதாவதுதான் ஆற்றங்கரைச் சரக்கு, ஊசி மாதிரி ஒல்லியான தும்பி, ஊசித்தட்டான்.

ஊசித்தட்டானில் பல குடும்பங்கள் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் பெயர்கள் வாய்க்குள் நுழையாது. சுடலைமாடன் தன் வசதிக்கு இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். உட்காரும்போது சிறகை விரித்து வைத்தால் விரிச்சான், மடித்து வைத்தால் மடிச்சான். செத்துப்போனதைச் சிறகின் நரம்புகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மற்ற இருபத்தெட்டுப் பிள்ளைகளும் சிறகை ஒரு பார்வை பார்த்து, விரிச்சான் குடும்பத்தின் புத்தகப் பெயரை எழுதிவிட்டு நகர்ந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் செங்கமலவல்லி மட்டும் மணி அடிக்கிற வரை லென்ஸும் கையுமாகக் குனிந்தே நின்றாள்.

சிறகு ஒரு குடும்பம், வால் இன்னொரு குடும்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

வெளியூரிலிருந்து திருத்த வந்திருந்த வேதமணிக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு பூச்சிக்கு எங்கேயாவது இரண்டு குடும்பம் உண்டா, பரீட்சையை நக்கல் பண்ணுகிறாளா என்று தனக்குத்தானே சத்தம் போட்டார். முழுத்தாளுக்கும் சேர்த்து ஒரே கோடு.

அந்தத் தாள் போனால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. படித்தது போதும் என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் அவள் எழுதியது சரி. சுடலைமாடனைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடத்து எறும்புகள் அந்துருண்டையை மதிப்பதே இல்லை. மாசத்துக்கு ஒரு பூச்சிக்கு வாலோ தலையோ காணாமல் போகும். வந்த துறைத்தலைவர்கள் அத்தனை பேரும் பாடியது ஒரே பாட்டு: இன்னொரு பூச்சி போனால் நீயும் போகலாம். சுடலைமாடன் பிள்ளைகுட்டிக்காரர், என்ன செய்வார்? வேலம்பிசினையும் ஒரு ஊசியையும் வைத்துக்கொண்டு, இல்லாததை வேறொரு பூச்சியிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார். இருபத்தொரு வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு போகும். துறைத்தலைவர் வேதமணியின் மதியச் சாப்பாட்டுக்குச் சீலா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். சொல்வதென்றால் அவர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"ஐயா, அந்தப் பிள்ள எழுதுனது சரிதான். வால ஒட்டுனது நாந்தான்."

வேதமணி நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய், ஒன்பதாம் எண்ணை லென்ஸுக்கு அடியில் வைத்து, ஊசிமுனையால் லேசாகச் சுரண்டினார். பிசின் துணுக்கு ஒன்று பெயர்ந்து வந்தது.

சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிவப்புக் கோட்டை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஒன்பதாம் கேள்விக்கு முழு மார்க் கொடுத்தார்.

பிறகு சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. எத்தனை வருஷமாக இந்த வேலை நடக்கிறது என்று கேட்டார். சுடலைமாடன் மறைக்காமல் சொன்னார்.

வேதமணியின் முகத்தில் ஈயாடவில்லை. தன் தோல்பையைத் திறந்து, பஞ்சில் பொதிந்திருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குள்ளும் ஓர் ஊசித்தட்டான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் ஆராய்ச்சி மாணவராக இதே கூடத்துக்கு வந்தபோது, அப்போதைய துறைத்தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. எந்தக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. இது புதுக் குடும்பம் என்று நிறுவித்தான் அவர் டாக்டர் ஆனார். அந்தக் குடும்பத்துக்குத் தன் மனைவி கிருபாபாயின் பெயரைச் சூட்டினார். அதன்பிறகு வலையும் கையுமாக அவர் அலையாத குளமில்லை. இன்னொன்று சிக்கவே இல்லை.

இதையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லி முடித்து, இதில் உங்கள் கை பட்டிருக்கிறதா என்று கேட்டார். அட்டெண்டரை அவர் 'நீங்கள்' போட்டுப் பேசியது அப்போதுதான்.

சுடலைமாடன் லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தார். வேதமணி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இல்லய்யா. இது சாமி செஞ்சது."

வேதமணி பெருமூச்சு விட்டார். பெட்டியைப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். ஒன்பதாம் எண் விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும், துறைத்தலைவர் காதுக்குப் போகாது என்றார். சுடலைமாடனின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, சீலா மீன் சாப்பிட உற்சாகமாக இறங்கிப் போனார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சுடலைமாடன் குப்பிகளைத் துடைக்கத் திரும்பினார்.

தலை ஒரு பூச்சி, நெஞ்சு ஒரு பூச்சி, வால் ஒரு பூச்சி. இருபத்தொரு வருஷத்தில் ஒட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது அது ஒன்றில்தான்.