டேப்பின் மறுமுனை

"படு," என்றார்.

அவள் படுத்தாள்.

பாய்மரப் படகின் முன்னறை. படகின் மூக்கை நோக்கிக் குறுகிப்போகும் கட்டில். முகத்துக்கு நேர் மேலே ஒரு சின்னக் கதவு, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

படகுக் கண்காட்சிக்கு வந்துவிட்டுப் பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது என்பார் அவர். அதற்கென்று ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏற வேண்டும். அடுப்பின் முன் நின்று கிண்டிப் பார்க்க வேண்டும். கழிவறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் டேப் வைத்து அளக்க வேண்டும்.

அடேயப்பா! பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு பார்க்கவில்லை.

நின்றது, உட்கார்ந்தது, படுத்தது எல்லாம் அவள்தான். டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். வருஷா வருஷம் இதே கூத்து.

ஓய்வு பெற்றதும் படகு வாங்குவது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி லங்காவி, அந்தமான், திரிகோணமலை என்று இருவருமாகப் போய்க்கொண்டே இருப்பது. கல்யாணமான புதிதில் அவர் சொன்னது.

அடுத்த மாதம் ஓய்வு.

தண்ணீர் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் ஐம்பது வயதுக்கு மேல் தோ பாயோ நீச்சல் குளத்தில் இறங்கினாள். மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாண்டுகளோடு வாண்டாகக் காலை உதைத்தாள். மூக்கில் தண்ணீர் ஏறியது. வாண்டுகள் சிரித்தன.

சிரிக்கட்டுமே. அவருக்காகத்தானே.

இப்போதும் பழக்கதோஷம், கட்டிலின் ஓரமாகவே ஒதுங்கிக் கிடந்தாள். அவர் பக்கத்தை அவருக்கு விட்டிருந்தாள்.

அவர் மேல்தளத்துக்கு ஏறிப் போனார். திறந்த கதவின் விளிம்பில் அவர் பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில் விற்பனைக்காரப் பையனின் பாதங்கள். ஜொகூர்ப் பையன், தமிழ் பேசுகிறவன்.

"தம்பி, இத தனியா ஒரு ஆள் ஓட்டிர முடியுமா?"

ராத்திரியில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் ஓட்ட வேண்டுமே, அதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"தாராளமா ஓட்டலாம் அங்கிள். கயிறெல்லாம் சுக்கான் கிட்டயே வந்துரும். ஏன், ஆன்ட்டி வரலையா?"

அவர் சிரித்தார்.

"அவளா? அவ எதுக்கு? நிம்மதியா இருக்கத்தான தம்பி கடலுக்கே போறது."

பையனும் சிரித்தான்.

பாதங்கள் நகர்ந்தன. கதவில் வானம் மட்டும் இருந்தது.

பாவி மனுஷன்.

நட்டாற்றில் விட்டிருந்தாலும் நீந்தியிருப்பாள். அதைத்தான் கற்றுக்கொண்டாளே. கரையிலேயே அல்லவா விட்டுவிட்டுப் போகிறார்!

எழுந்து போய்க் கத்தலாம். ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும்.

அவள் நகர்ந்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு. கையைக் காலைப் பரப்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எந்தக் கட்டிலிலும் அப்படிப் படுத்ததில்லை.

அவர் இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இந்தா, பிடி."

டேப்பின் நுனியை நீட்டினார். பழகிய கை, வாங்கித் தலைமாட்டில் வைத்து அழுத்திக்கொண்டது. அவர் கால்மாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அளக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது.

"என்ன, இடம் போதுமா?" குனிந்து எண்ணைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒரு ஆளுக்குத் தாராளம்."

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு, அவள் முகத்துக்கு நேர் மேலே திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"இல்ல, நான் சும்மா..."

அவள் நுனியை விட்டாள்.

டேப் சர்ரென்று அவர் கைக்கு ஓடியது. அவர் விரலை உதறினார்.

அவள் எழுந்து, கூடையில் தன் செருப்பைத் தேடப் போனாள்.