காயமே இல்லாத பிரிவு

"போன மாசம் உங்க பிரிவுல எத்தனை பேருக்கு அடிபட்டுச்சு, தெரியுமா?"

"ஒன்பது பேருக்கு சார்."

"பக்கத்துப் பிரிவுல?"

மேஸ்திரி ஜன்னல் வழியே பக்கத்துப் பிரிவைப் பார்த்தார்.

"நானே சொல்றேன். பூஜ்யம்!" மேலாளர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "நல்லாப் பாருங்க. அதே அட்டை, அதே மெஷின், அதே எட்டு மணி நேரம். அங்க பூஜ்யம், இங்க ஒன்பது."

அது அட்டைப்பெட்டி செய்யும் ஆலை. அட்டை வெட்டுவதற்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு மேஸ்திரி. முதல் பிரிவு மேஸ்திரி எப்போதும் சிரித்த முகம். ஆலையில் அவருக்குச் 'சர்க்கரை' என்று பேர். இப்போது எதிரில் நிற்கும் இரண்டாம் பிரிவு மேஸ்திரி 'முசுடு'. அவருடைய பல்லைப் பார்த்தவர்கள் குறைவு.

மேலாளர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த கையோடு காகித ரிஜிஸ்டரை எல்லாம் தூக்கிப் பரணில் போட்டார். உற்பத்தி, விடுப்பு, காயம் எல்லாமே கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மாதக் கடைசியில் அத்தனையும் ஒரே பக்கத்தில் அவர் மேஜைக்கும், தலைமை அலுவலகத்துக்கும் போய்விடும். "இத்தனை நாளா இந்த ஆலை கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்துச்சு. இப்பத்தான் கண்ணு தெறந்திருக்கு" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

"ஏன் இப்படி ஆகுது? சொல்லுங்க மேஸ்திரி."

"பிளேடு மேல இருக்கிற காப்புத் தகடு ஆடுது சார். மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். ரொம்ப ஆடினா மெஷினை நிறுத்திடறேன்."

"அதான் உற்பத்தியும் படுத்துக் கிடக்கு! பக்கத்துலயும் அதே தகடுதானே? அங்க வெட்டாத பிளேடு இங்க மட்டும் தேடி வந்து வெட்டுதா?"

மேஸ்திரி எதையோ சொல்ல வந்தார். பிறகு திரையை மெல்ல மேலாளர் பக்கமே திருப்பி வைத்தார்.

"ஆடத் தெரியாதவங்கதான் மேடையைக் குத்தம் சொல்லுவாங்க. திங்கட்கிழமையிலேருந்து நீங்க கிடங்குக்குப் போயிடுங்க. அங்க பிளேடும் இல்ல, மெஷினும் இல்ல. அட்டையை எண்ணிக்கிட்டு உக்காரலாம்."

இருபத்திரண்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். கெஞ்சுவார், இல்லையென்றால் கத்துவார் என்று மேலாளர் எதிர்பார்த்தார். அவரோ, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

'குத்தம் இல்லாதவன் இப்படியா போவான்?' என்று மேலாளர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் முதல் பிரிவுக்குப் பாராட்டு விழா. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மேலாளர் பளபளவென்று ஒரு கேடயத்தோடு வந்தார். 'சர்க்கரை' மேஸ்திரி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மூணு மாசமா ஒரு கீறல்கூட இல்ல. தலைமை அலுவலகத்துலேருந்தே பாராட்டி எழுதியிருக்காங்க. இது உங்க எல்லாருக்கும் சேர்ந்தது. அதனால உங்கள்ல ரொம்ப நாளா இருக்கறவர் வந்து வாங்கட்டும்."

காதோரம் நரைத்த ஒரு வெட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க, போட்டோ எடுக்கணும்."

"ஒரு கை போதும் சார்."

"கூச்சப்படாதீங்க. கையை வெளிய எடுங்க."

எடுத்தார். இரண்டு விரல்களைச் சேர்த்துப் பெரிய கட்டு. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"என்ன இது? வீட்டுலயா?"

"இல்ல சார். இதோ, இந்த மெஷின்ல. ஏழு தையல்."

"இங்க யாருக்கும் அடிபடலைன்னுதானே கணக்குல இருக்கு?"

'சர்க்கரை' சட்டென்று குறுக்கே வந்தார். "அது ஒண்ணும் இல்ல சார், சின்னக் கீறல்..."

"நீங்க இருங்க." மேலாளர் அவரைக் கையமர்த்திவிட்டு வெட்டுக்காரரைப் பார்த்தார். "ஏன் பதியலை?"

"எங்க மேஸ்திரி பதிய மாட்டார் சார். பிரிவு பேர் கெட்டுடும்பார். ஆனா கம்ப்யூட்டர்ல பதிஞ்சாத்தானே ஆஸ்பத்திரிச் சீட்டே வரும்? நீங்கதானே சார் அப்படி மாத்தினீங்க. அதான் ரத்தத்தோட பக்கத்துப் பிரிவுக்கு ஓடினேன். அந்த மேஸ்திரி ஒரு வார்த்தை கேக்கலை. 'என் பிரிவுன்னு போட்டுடறேன், நீ முதல்ல போய் விரலைக் காப்பாத்திக்க'ன்னு சீட்டு எடுத்துக் கொடுத்தாரு."

மேலாளருக்கு அந்த ஒரு பக்க அறிக்கை ஞாபகம் வந்தது. அடிபட்டவர்களின் பேர்ப் பட்டியல் கம்ப்யூட்டரில் அதற்கு அடுத்த திரையில் இருந்தது. மூன்று மாதத்தில் அவர் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

"இந்த மாதிரி நீங்க ஒருத்தர்தானா?"

பின்வரிசையில் ஒருவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துத் தையல் தழும்பைக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் கட்டுப் போட்ட கட்டைவிரலைத் தூக்கினாள். பிறகு இன்னொருவர்.

"போன மாசம் அந்த ஒன்பதுல ஏழு பேர் நாங்கதான் சார்" என்றார் வெட்டுக்காரர்.

"இதை ஏன் அவர் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அந்த வழியையும் நீங்க அடைச்சிடுவீங்கன்னு பயந்தாரு சார்."

வெட்டுக்காரர் கேடயத்தை வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவரைக் கிடங்குக்கு மாத்திட்டீங்களாமே... திங்கட்கிழமை யாருக்காவது அடிபட்டா, நாங்க எங்க சார் ஓடுறது?"