மாப்பிள்ளை பார்க்கப் போன இடம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் பச்சை மீனைத் தின்னச் சொல்வார்கள் என்று றஹ்மா நினைத்திருக்கவில்லை.

தட்டில் விரலளவு சோற்றுக் கட்டி. அதன் மேல் சிவப்பாக ஒரு துண்டுச் சூரை, அடுப்பின் முகத்தையே பாராமல் படுத்திருந்தது.

"விடியப் பிடிச்ச மீன். பயப்பிடாமச் சாப்பிடுங்கோ," என்றார் கடைக்காரர் ஹெக்டர். ஒசாக்காவில் நெடுங்காலம் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, திருகோணமலைத் துறைமுகத்தடியில் இந்தச் சின்னக் கடையைத் திறந்திருந்தார். சன்னலுக்கு வெளியே படகுகள் வெயிலில் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தன.

இடத்தைத் தேர்ந்தது மகள் சனூஸாதான். சொந்த ஊரான கிண்ணியாவில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் பின்னேரத்துக்குள் ஊரே கலியாணத் தேதியைக் குறித்துவிடும். பாலம் தாண்டி வந்து ஜப்பான் சாப்பாடு தின்ன ஊரில் யாருக்குக் கிறுக்கு?

எதிரே மூதூரிலிருந்து வந்த வாப்பாவும் மகனும். மகன் சஜீத், சனூஸா வேலை செய்யும் வங்கியில்தான் இருக்கிறான். வாப்பா ஸெய்னுதீன் படகு எஞ்சின் திருத்துகிறவர்.

சம்பந்தப் பேச்சுக்குப் பையனின் உம்மா வராதது றஹ்மாவுக்கு முதலில் குறையாகப்பட்டது. அந்த மனுசி உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தன் புருஷன் இறந்தபோது சனூஸா பள்ளிக்கூடப் பிள்ளை. தையல் மெசினை மிதித்தே றஹ்மா அவளைப் படிக்க வைத்தாள். அவளுக்கென்று வீட்டையும் கட்டி முடித்தாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்த மகள், "உம்மா, ஒரு ஆளப் பார்க்கப் போவம், வாங்க" என்று தானாகக் கூப்பிட்டபோது றஹ்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஆகவே சஜீத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நல்ல பொடியன். அடக்கமாகக் கதைத்தான். வாப்பாவின் கோப்பையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தன்னுடையதில் ஊற்றினான்.

வாப்பாதான் கொஞ்சம் கோமாளி.

குச்சிகளால் சோற்றுக் கட்டியைப் பிடித்து, மூச்சை அடக்கி, வாய்க்குக் கிட்டே கொண்டுபோவார். அது நழுவி சோயாக் கிண்ணத்துக்குள் குதிக்கும். போட்டிருந்த வெள்ளைச் சேட்டு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்.

"கடலுக்க விழுந்த எஞ்சினக்கூடத் தூக்கி எடுத்திருக்கன். இது ஏலாது," என்று குச்சிகளை வைத்துவிட்டுக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

றஹ்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அது தன்னுடைய சத்தம் என்று தெரிந்தது.

சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருந்தன. சுட்ட கணவாய். பூப்போல மொறுமொறுத்த இறால். கறுப்புக் காகிதம் மாதிரி ஒன்றில் சுற்றிய சோறு; கடற்பாசி என்றார் ஹெக்டர்.

"நோன்பு துறக்க இனிப்பாக் காய்ச்சுற கடற்பாசியா?" என்று கேட்டாள் றஹ்மா.

"அதுதான். சீனி போட மறந்துட்டாங்க போல," என்றார் ஸெய்னுதீன்.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டு வரும்போதெல்லாம் பெரிய இறால் றஹ்மாவின் பக்கம் வரும்படி ஸெய்னுதீன் அதைத் திருப்பி வைப்பதையும் அவள் கண்டுகொண்டாள். அந்தத் தைரியத்தில் பச்சைச் சூரையையும் ஒரு கை பார்த்தாள். வெண்ணெய் மாதிரிக் கரைந்து போனது.

வயிறு நிறைந்ததும் காரியத்துக்கு வந்தாள்.

"ஸெய்னுதீன் நானா, ஒண்டு மட்டும் சொல்லோணும். எங்கட வழக்கப்படி மாப்புள பொம்புளட வீட்டுக்கு வந்துதான் இருக்கோணும்."

சனூஸாவுக்குப் புரையேறியது. ஸெய்னுதீனின் முகம் காது வரை சிவந்தது.

"வரத்தானே வேணும். எனக்கென்ன மறுப்பு?"

பெற்ற மகனை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிற மனுசனும் உண்டா! றஹ்மா மனதுக்குள் பந்தல்கால் நட்டுவிட்டாள்.

அப்போதுதான் மேசையில் கிடந்த சஜீத்தின் போன் அடித்தது. அவன் எடுத்ததும் திரை நிறைய ஒரு சின்னப் பெண்ணின் முகம். முன்பல் இரண்டையும் காணோம்.

"வாப்பா, எப்ப வருவீங்க?"

"கொஞ்ச நேரத்தில வாறன் மகள். உம்மாக்கிட்டச் சொல்லுங்க."

றஹ்மா மெல்ல மகள் பக்கம் திரும்பினாள்.

"புள்ள, இவர் கலியாணம் முடிச்சவரா?"

"ஓம் உம்மா."

"அப்ப நாம ஆருக்கு மாப்புள பார்க்க வந்தம்?"

சனூஸா உம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸெய்னுதீன் எழுந்து நின்றார். சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"சொல்லாமலா கூட்டிவந்தீங்க, மகள்?" என்று சனூஸாவிடம் கேட்டுவிட்டு, றஹ்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளுங்க. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சுத்தான் நான் வந்தனான். நாங்க போறம்."

றஹ்மாவுக்குக் கோபம் வந்தது. மகளை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள்.

கண் எதிரே கிடந்த வெறும் கணவாய்த் தட்டில் விழுந்தது.

அந்தத் தட்டு வந்த நேரத்திலிருந்து போன் அடிக்கும் வரை சஜீத்தைத் தான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இருங்க," என்றாள்.

ஸெய்னுதீன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

ஹெக்டர் வெறும் தட்டுகளை அடுக்கியபடி, வேறு ஏதாவது கொண்டுவரட்டுமா என்று பொதுவாகக் கேட்டார். சனூஸா உம்மாவைப் பார்த்தாள். சஜீத் வெளியே படகுகளைப் பார்த்தான்.

றஹ்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"செய்ய ஆகக்கூடின நேரம் எடுக்கிறது எதுவோ, அதக் கொண்டுவாங்க."