விரால் மீன் குழம்பு

மாதா கோயில் பூசை முடிந்து வந்த ஞாயிறு மதியம், ஜன்னல் வெயில் பீங்கான் தட்டின் விளிம்பில் மினுங்குகிறது. சர்க்கரைக்காக வாராவாரம் ஹார்மோன் ஊசி போட்டு மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்த ஸ்தனிஸ்லாஸ், இரண்டு வாய் சோற்றோடு கையை எடுத்துவிடுகிறார். விரால் துண்டு அப்படியே கிடக்கிறது. "கொழம்பு புடிக்கலைங்களா?" என்கிறாள் மனைவி உபகாரமேரி. "நல்லாத்தான் இருக்குது மேரி. பசிதான் வரல. ஊசி பசிய அடக்கும்னு டாக்டர் சொன்னாரே. கால் புண்ணும் ஆறுதுல்ல." முன்பெல்லாம் சூளை வேலை முடிந்து வந்ததும், "என்னா கொழம்பு?" என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றிய மனிதர் இவர். அவள் கண் கலங்குவதைப் பார்க்கிறார். தட்டை அவள் பக்கம் நகர்த்தி, மீனில் முள்ளெடுக்கத் தொடங்குகிறார். "நீ சாப்புடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்." கல்யாணமான இருபது வருடத்தில் முதல்முறையாக, அவர் பார்க்க அவள் சாப்பிடுகிறாள்.