வெள்ளரிக்காரியின் ஐந்தாவது வரி

ஏழாவது நிமிடத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. படித்துறையில் வெள்ளரிக்காரி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், ஆட்டத்தின் நாயகன் வாளை இறக்கிவிட்டுச் சும்மா நின்றான்.

அவனை அப்படி நிறுத்தி வைக்கச் சொன்னது நான்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வீடியோ கேம் ரசிகர்களுக்கான எங்கள் இணையதளத்தின் முதல் நேரடிக் கூட்டம். மேடையில் நேற்றைய மணமக்களின் பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் திரை. ஆட்டத்தின் வீரர்களைப் போல அட்டைக் கவசம் அணிந்து வந்தவர்கள் வியர்த்துப்போய், கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். எப்படியும் முன்னூறு பேர்.

'கொள்ளிடக் கோட்டை' ஆட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. வெள்ளரிக்காரியின் பக்கத்தை எழுதியவள் நான்.

அவள் பேசுவது நான்கே வரிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து என்று நான் எழுதியிருந்தேன். வெள்ளம் வரும் கட்டத்தில், ஓடாமல் அவள் அருகிலேயே பதினோரு நிமிடம் நின்றால் ஐந்தாவதைச் சொல்வாள்.

அந்தக் கட்டத்தில் யாரும் நிற்பதில்லை. பாலம் இடிவதற்குள் ஓடிவிடுவார்கள்.

தளத்தின் நிர்வாகி ஹரிஹரசுதன் காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார். “நமக்கு ரெண்டே விதிதாங்க. ஆட்டத்துல வேலை பார்த்தவங்க அதைப் பத்தி எழுதக் கூடாது. எழுதுறவங்க ஆதாரம் காட்டணும். காட்டலைன்னா இன்னிக்கே பக்கத்தைத் தூக்கிடுவோம்.”

தூக்கப்பட்டவர்கள் 'மற்றவர்கள்' என்ற பட்டியலில் போய்ச் சேர்வார்கள். ஆளுக்கு ஒரு சொல். அவள் அங்கே போனால் 'வியாபாரி' என்று மட்டும் இருக்கும்.

என்னிடம் வீடியோ இல்லை. மாலை வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் சென்டரில் கெஞ்சி வாங்கிய அரை மணி நேரங்களில்தான் விளையாடினேன். வெயிலில் நின்று பார்த்தேன், மழையில் நின்று பார்த்தேன். அவளுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், ஒரு படி கீழே. நாற்பத்து மூன்று நாள் தேதி போட்டு எழுதி வைத்தேன். நாற்பத்து நான்காம் நாள் அந்த வரி கேட்டது. உடனே கரண்ட் போய்விட்டது. அடுத்த முறை போனபோது சென்டரில் அந்த ஆட்டத்தையே அழித்திருந்தார்கள்.

உண்மையில் கேட்டேனா, கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டேனா? அன்றிலிருந்து இந்தச் சந்தேகம் எனக்குண்டு.

எட்டாவது நிமிடம்.

“ஏங்க, கூடையில இருக்கிற பிஞ்செல்லாம் முத்திடும் போல,” என்றார் ஆசீர். கன்ட்ரோலர் அவர் கையில்தான் இருந்தது. மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், “வெள்ளரிப் பிஞ்சே, ராசா” என்று அவளைப் போலவே இழுத்துக் கூவினார். சிரிப்பு இன்னும் கூடியது.

நான் காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று நோட்டில் எழுதிக் காட்டியிருந்தேன்.

ஹரிஹரசுதன் என் பக்கம் குனிந்தார். “அஞ்சாவது வரியை மட்டும் எடுத்துடுங்க. மத்ததை நான் காப்பாத்திக் கொடுக்கறேன். எதுக்குங்க இத்தனை பேர் முன்னாடி அவமானம்?”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

'முடியாது' என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

பத்தாவது நிமிடத்தில் பாலம் இடிந்தது. ஓடாதவனுக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். முடியவில்லை. தண்ணீர் நாயகனின் இடுப்புவரை ஏறி நின்றது. மண்டபத்தில் பேச்சு குறைந்தது.

பதினொன்று.

ஒன்றும் நடக்கவில்லை.

“அவ்வளவுதானா?” என்று யாரோ கேட்டார்கள். ஆசீர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனார்.

எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். முன்னூறு பேர் பார்க்க, முன்பின் தெரியாத ஒருவரின் கையை. மழை தொடங்கியதிலிருந்து எண்ணினேனா, அவள் அருகே வந்து நின்றதிலிருந்தா? எனக்கே குழம்பியது. ஆனால் கையை விடவில்லை. அவர் கைக்கடிகாரத்தில் நொடிமுள் போய்க்கொண்டிருந்தது. பத்து. இருபது. இருபத்தைந்து.

வெள்ளரிக்காரி தலை நிமிர்ந்தாள்.

“ஓடுறவங்க ஓடுங்க, ராசா. தண்ணிதான் வடியணும். நான் எதுக்குப் போகணும்?”

முன்பு அவளைப் போலக் கூவிய அதே ஆள்தான் பின்வரிசையிலிருந்து, “இன்னொரு தடவை போடுங்க” என்றார். செல்போன்கள் எல்லாம் மேலே உயர்ந்திருந்தன.

ஹரிஹரசுதன் பெரிய திரையிலேயே அவளுடைய பக்கத்தைத் திறந்தார். 'ஆதாரம் தேவை' என்ற குறிப்பை எல்லோரும் பார்க்க நீக்கினார். மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“எல்லாம் போட்டிருக்கீங்க. குரல்ங்கிற இடத்துல மட்டும் கோடு போட்டு விட்டுட்டீங்களே. ஆட்டத்தோட பேர்ப் பட்டியல்லயும் இல்லை. யார் குரல்ங்க இது?”

மைக்கை என் பக்கம் நீட்டினார்.

நோட்டை மூடி நாற்காலியில் வைத்தேன். முன்னூறு பேர் கேட்ட வரியை இனி யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. என்னை வேண்டுமானால் தூக்கட்டும்.

மைக்கை வாங்கினேன்.

“அதை நான் எழுதக் கூடாதுங்க. நீங்களே போட்டுக்குங்க.”

ஆசீர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த மண்டபத்தில் அன்று என் குரல் ஒலித்தது, அது இரண்டாவது முறை.