இணையம் இல்லாத மதியம்

அரசு உத்தரவால் காலையிலிருந்து இணையம் இல்லை. செல்பேசிக் கடையில் தம்பி ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா, கண்ணாடிக் கதவு வழியே விழும் வெயிலில், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். "கம்பி இழுத்து ஊரையே பேச வச்சது அரசாங்கம்டா. கலவரம்னா நிறுத்தத்தான் செய்யும்." "அப்போ நான் வாயத் திறக்கவும் அதுகிட்ட கேக்கணுமா? என் பொழப்பு என்னாகுறது?" தம்பி மேசையைத் தட்டுகிறான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கல்லூரி நாட்களில், தட்டில் சோறு காய, அப்பா அதட்டும்வரை இப்படித்தான் மல்லுக்கட்டுவார்கள். முகம் பார்த்துச் சண்டை போட்டு எத்தனை வருஷமாகிறது! சட்டென்று இணையம் வந்துவிடுகிறது. இருவரின் செல்பேசிகளும் விடாமல் சிணுங்குகின்றன. தம்பி தன்னுடையதைக் கவிழ்த்து வைக்கிறான். "நீ சொல்லுக்கா, இன்னிக்கு உன்ன விடமாட்டேன்" என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறான்.