மேசைக்கடியில் ஒரு ஏணி

கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயில், படி முறிந்த ஏணியின் மேல் கிடக்கிறது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் பெயின்டர் உட்கார்ந்திருக்கிறார். வீங்கிய கணுக்காலில் ஈரத்துணி, மீசையில் இன்னும் காயாத நீலச் சொட்டு. சூப்பர்வைசர் குனிந்து ஏணியின் காலைத் தடவுகிறார். போனைக் காட்டினால் ஏணியின் வரலாற்றையே சொல்லும் வட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில், பசைத் தடம் மட்டும் இருக்கிறது. "காலையில செக் பண்ணதா ஆப்ல பச்சை டிக் இருக்கே, ஸ்டிக்கர் எங்கய்யா?" என்கிறார். மேசைக்குப் பின்னால் ஸ்டோர்கீப்பர் நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்கிறார். ஏணி, டிரில், இடுப்பு பெல்ட் என்று அத்தனையின் ஸ்டிக்கர்களும் அவருடைய மேசைப் பலகையின் அடியில் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. தினமும் நாற்காலியை விட்டு எழாமலே, டீ ஆறுவதற்குள், போனை அடியில் ஓட்டி எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுவார். இப்போது முழங்கால்கள் அவற்றை உரசிக்கொண்டிருக்கின்றன. "வெயில்ல உதிர்ந்திருக்கும் சார்," என்கிறார் பெயின்டர். "அண்ணன் மேல பழி போடாதீங்க. அவர் பார்த்துக் குடுத்தா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்." ஸ்டோர்கீப்பர் ஆப் திறந்திருக்கும் போனை யார் கண்ணிலும் படாமல் மடிக்கு இறக்குகிறார். அது பலகையின் அடியில் உரசி 'டிங்' என்கிறது. திரையில் பச்சை டிக்: ஏணி, நல்ல நிலையில். சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கிறார். பெயின்டர் வலியோடு சிரிக்கிறார். "பார்த்தீங்களா சார், இப்பகூட அண்ணன் வேலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்காரு."